ஃபியட் எப்போது நின்றது?

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்புகளில் கடைசியானது 1961-இல் நடந்தது. அந்த வருடம் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடி முத்துப் பாரில் இறங்கிய குளியாட்களுக்கோ, கரையில் சிப்பிக் குவியலை ஏலம் எடுத்த வியாபாரிகளுக்கோ அது கடைசி என்று தெரிந்திருக்க வழியில்லை. 1955-இல் தொடங்கிய வரிசை அது. சிப்பி விளைந்தால் மறுபடியும் உண்டு என்பதே ஊரின் எண்ணம். மீன்வளத் துறை பார்களைச் சோதித்தது, சிப்பி போதாது என்றது, அடுத்த பருவம் பார்க்கலாம் என்றது. அந்த அடுத்த பருவம் வரவேயில்லை. நிறுத்தியவர் யாரும் இல்லை, நிறுத்திய நாளும் இல்லை. பல வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தவர்கள்தான் 1961-க்குக் ‘கடைசி’ என்ற பெயரைச் சூட்டினார்கள்.

கார் உலகத்தில் முடிவுகள் வேறு விதமாக அறிவிக்கப்படுவதுண்டு. மாசெராட்டி நிறுவனம் தன் ‘கிரான்டூரிஸ்மோ’ காரின் உற்பத்தியை 2019 நவம்பரில் நிறுத்தியது. 2007-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, திறந்த கூரை வகையையும் சேர்த்து 40,000-க்கு மேல் விற்ற வண்டி. விடைபெறுவதற்கென்றே ஒரே ஒரு கார் தனியாகச் செய்தார்கள். மொதேனா ஊர்ப் பேச்சுவழக்கில் கடைசி எழுத்துக்கு என்ன பெயரோ அதையே அதற்கும் வைத்து, ‘ஸேதா’ என்றார்கள். உலகெங்கும் இருந்த ரசிகர்களின் துக்கம் பெரும்பாலும் ஒரு சத்தத்தைப் பற்றியது. மாரனெல்லோவில் ஃபெராரி செய்து கொடுத்த எட்டு சிலிண்டர் எஞ்சினின் அந்தக் குரல் இனி புதிதாகப் பிறக்காது என்று வருந்தினார்கள். மூன்றே வருடத்தில் அதே பெயரில் புது வண்டி வந்துவிட்டது: ஒன்று ஆறு சிலிண்டர், இன்னொன்று முழுக்க மின்சாரம். பெயர் பிழைத்தது, சத்தம் போனது. அவர்கள் எதற்கு அழுதார்கள் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

முத்துக்குளித்துறைக்கும் மாசெராட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இந்த ஊருக்கும் ஓர் இத்தாலியக் காரோடு பழக்கம் உண்டு. இரண்டு தலைமுறை அதை ஓட்டியது, இன்னும் சிலர் ஓட்டுகிறார்கள். அதன் முடிவு ‘ஸேதா’ போல அறிவித்துக்கொண்டு வரவில்லை, முத்துப் பார்களின் முடிவைப் போலத்தான் வந்தது. அதன் கதையைத் தேதி தேதியாகப் பின்தொடர்ந்தால் ஒரு வண்டி ‘நின்றுவிட்டது’ என்று சொல்வது எவ்வளவு சிக்கலான வாக்கியம் என்று தெரியும்.

அந்தக் கார் ஃபியட் 1100. இங்கே வந்த வடிவம், தாந்தே ஜக்கோசா என்ற பொறியாளரின் தலைமையில் உருவாகி 1953-இல் வெளிவந்தது. சாமானிய இத்தாலியக் குடும்பத்துக்கான கார்; 1089 சி.சி. எஞ்சின், நான்கு கதவு. கிராண்ட் டூரிங் என்ற பட்டத்தை அதற்குக் கொடுத்தால் இத்தாலியர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதே வருடம் ‘துரிஸ்மோ வெலோசே’, அதாவது விரைவுப் பயணம் என்ற பெயரில் அதற்கு ஒரு முறுக்கேறிய தம்பியும் பிறந்தது. மில்லே மிலியா என்ற புகழ்பெற்ற நெடுந்தூரப் பந்தயத்தில் அந்தத் தம்பிகள் ஓடின. இங்கே, தூத்துக்குடியிலிருந்து 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு ஐந்து பேரும் டிக்கி நிறைய கருவாடும் மக்ரூனுமாகப் போய்வந்த குடும்பங்களுக்கு அதுதான் கிராண்ட் டூரிங். முன்சீட்டு பெஞ்சு, ஸ்டியரிங் தண்டில் கியர், நடுவில் ஒரு குழந்தை உட்கார இடம். இந்த வரையறையை நான் மாசெராட்டிக்காக மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஃபியட்டை இந்தியாவில் செய்தது பம்பாய் குர்லாவிலிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். 1944-இல் அதைத் தொடங்கிய வால்சந்த் ஹிராசந்தைத் தூத்துக்குடிக்காரர்கள் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை இங்கே சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவுசெய்து, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1908-இல் அவர் சிறைக்குப் போனார், பிறகு கம்பெனி கலைந்தது. 1919-இல் அதே மாதிரியான ஏகபோகத்தை எதிர்த்து ‘லாயல்டி’ என்ற கப்பலை பம்பாயிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய சிந்தியா கம்பெனியின் நிறுவனர்களில் முக்கியமானவர் இந்த வால்சந்த். அந்தப் பயணம் தொடங்கிய ஏப்ரல் 5-தான் இன்று தேசியக் கடல்சார் தினம். வ.உ.சி. விட்ட இடத்தில் வால்சந்த் தொடங்கினார் என்று எழுதுவது மேடைப் பேச்சாகிவிடும். இருவரும் மோதிய சுவர் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கப்பலுக்குப் பிறகு விமானம், விமானத்துக்குப் பிறகு கார். சுதேசிக் கனவின் அந்தக் கடைசிப் பிள்ளை முதலில் அமெரிக்க முகத்தோடு டாட்ஜாகவும், 1950-களில் இத்தாலிய முகத்தோடு ஃபியட்டாகவும் வந்தது.

1954-இல் இங்கே அறிமுகமான 1100-இன் முன்கதவுகள் பின்பக்கக் கீலில் தொங்கும். காற்றுக்கு எதிராகத் திறக்கும். 1964-இல் வந்த ‘டிலைட்’ மாதிரியில் கதவு ஒழுங்காக முன்கீலுக்கு மாறியது. அத்தோடு உருவம் உறைந்துவிட்டது. டூரினில் ஃபியட் 1969-இல் 1100 வரிசையையே மூட்டை கட்டிவிட்டது. குர்லாவில் 1972-இல் அதற்கு ‘பிரசிடென்ட்’ என்றும் 1974-இல் ‘பத்மினி’ என்றும் பெயர் மாறியது. தமிழ்நாட்டில் யாரும் அந்தப் பெயர்களைச் சட்டை செய்யவில்லை. அது கடைசிவரை ஃபியட்தான். அந்த 1974 ஜூலையில்தான் தூத்துக்குடி, நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. புதுத் துறைமுகம், ஏற்றுமதிக் கம்பெனிகள், புது டாக்டர்கள், புது வக்கீல்கள். கலெக்டருக்கும் கட்சிக்காரர்களுக்கும் அம்பாசிடர்; சொந்தமாகத் தானே ஓட்டுகிறவருக்கு ஃபியட். (அம்பாசிடர் கட்சியினர் இங்கே சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.)

ஆக, ஃபியட்டின் முதல் முடிவு 1969. அதற்கு இங்கே யாரும் துக்கம் கொண்டாடவில்லை, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. பெற்றவர்கள் புதைத்துவிட்ட பிள்ளை இன்னொரு வீட்டில் முப்பது வருடம் வளர்ந்துகொண்டிருந்தது. டேவிட் எட்ஜர்டன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாளர் 2006-இல் எழுதிய ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்ற நூலில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடித்த நாட்களை வைத்து எழுதாமல் பயன்பட்ட நாட்களை வைத்து எழுத வேண்டும் என்று வாதிடுகிறார். அப்படி எழுதினால் ஃபியட் 1100, இத்தாலியில் பிறந்து பெரும்பகுதி வாழ்க்கையை இந்தியாவில் கழித்த கார்.

அந்த வாழ்க்கையை இன்று நினைவுகூர்கிறவர்கள் பலவற்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். புது வண்டியை எடுத்த வாரமே பட்டறைக்கு விட்டு எல்லா நட்டையும் முறுக்கினார்கள். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மழையில் மிதித்தால் வண்டி தன் இஷ்டப்படி யோசித்துத்தான் நிற்கும். போட்டியே இல்லாத சந்தையில் கம்பெனிக்கு மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது மக்கள் ஓடிப் போய் வரிசையில் நின்றதற்கு நன்றிகெட்டதனம் காரணமில்லை. இன்று ‘அந்தக் காலத்து இரும்பு’ என்று உருகுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்போது மாருதி வாங்கினார்கள் என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும்.

1990-களில் பிரீமியர் முதலில் பூஜோவோடும் பிறகு ஃபியட்டோடும் கூட்டுச் சேர்ந்தது. இரண்டும் அதைக் கரையேற்றவில்லை. இத்தாலியக் கம்பெனி ஒன்று செய்த டீசல் எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள்; டாக்ஸிக்காரர்கள் வாங்கினார்கள். 1998-இல் சான்ட்ரோவும் இண்டிகாவும் வந்தன. 2000-ஐ ஒட்டிப் பத்மினி உற்பத்தி நின்றது. விடைபெறும் பதிப்பு கிடையாது, பிரிவுரை கிடையாது. அம்பாசிடர் 2014 மே மாதம் உத்தர்பாடாவில் நின்றபோது நாடே கட்டுரை எழுதியது. ஃபியட்டுக்கு அந்த மரியாதை உடனே கிடைக்கவில்லை. அது 23 வருடம் தாமதமாக, வேறொரு பெயரில் வந்தது.

மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸிகளில் கடைசிப் பத்மினி 2003 அக்டோபர் 29-இல் தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. டாக்ஸிக்கு அங்கே 20 வருடம்தான் ஆயுள். எனவே 2023 அக்டோபர் 30 முதல் அந்த நகரத்தில் ஃபியட் டாக்ஸி கிடையாது. ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் வையுங்கள் என்று டாக்ஸிச் சங்கம் முன்பே கேட்டிருந்தது. பத்திரிகைகள் நிறைந்து வழிந்தன. மும்பைக்காரர்களுக்கு அது ஒரு காட்சியின் இழப்பு. தூத்துக்குடியில் சொந்த ஃபியட் வைத்திருப்பவருக்கு அந்தச் செய்தியின் பொருள் வேறு.

வண்டியை உயிரோடு வைத்திருப்பது உதிரிபாகம். ஒரு பாகத்தைச் செய்து விற்க ஒரு சிறு பட்டறைக்கு லாபம் வர வேண்டுமென்றால் அதைத் தினமும் தேய்த்து உடைக்கிற வாடிக்கையாளர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியைத் துடைத்து வெளியே எடுக்கும் ரசிகரால் அந்த வியாபாரம் நடக்காது. மும்பையில் ஓடிய ஆயிரக்கணக்கான டாக்ஸிகள்தான் பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், பிரேக் வாஷர் ஆகியவற்றின் சந்தையைத் தாங்கிப் பிடித்தன. சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைத்தது, கிடைக்காதது புதுப்பேட்டையில் பழசாகக் கிடைத்தது, அதுவும் இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். எஞ்சின் சாமானைக் கடைந்துவிடலாம். கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங்கையும் முன் கிரில்லையும் கதவுக் கைப்பிடியையும் எப்படிக் கடைவது? ஃபியட் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் பீடிங்குக்கு வந்துவிடும். மாசெராட்டிக்காரர் சத்தத்துக்கு ஏங்குகிறார், இவர் ரப்பருக்கு ஏங்குகிறார். இந்த ஏக்கம் தாழ்ந்தது என்று நான் நினைக்கவில்லை. உருவம், ஓசை ஆகியவற்றைப் பற்றிய பிரியம் வாங்கிய நாளிலேயே முழுமையாக இருக்கிறது. பழுதுபார்த்து வருகிற பிரியம் வருடா வருடம் வட்டி சேர்கிற கணக்கு.

உள்நாட்டு ஃபியட்காரருக்கும் கடற்கரை ஃபியட்காரருக்கும் இங்கே ஒரு பெரிய வேற்றுமை. முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டி ஆறுமுகநேரிவரை திருச்செந்தூர் சாலையின் இரு பக்கமும் உப்பளம். வடக்கே வேப்பலோடை பக்கமும் அதே. உப்பில் குஜராத்துக்கு அடுத்துப் பேசப்படுவது இந்த ஊர். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத்தூள் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் விடியற்காலைகளில் இது சாதாரணம். மழையே பெய்யாத நாளிலும் வண்டியின் அடித்தகடு நனைந்திருக்கிறது என்று பொருள். அந்த உப்புநீரில் மின்சாரம் எளிதாக ஓடும், குளோரைடு துருவின் மேல்தோலை ஆறவிடாமல் கிளறும், இரும்பு உள்ளுக்குள்ளே உதிரும். பெயிண்ட் மேலே பளபளக்க, தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் பொட்டென்று உள்ளே போகும்.

ஜீப் போல ஃபியட்டுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கூடே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, தரை, ஜாக்கி போடும் இடம் எல்லாம் சேர்ந்துதான் வண்டியை நேராக நிறுத்துகின்றன. அந்தப் பெட்டித் தகட்டுக்குள் உப்பும் மண்ணும் புகுந்து தங்கிவிட்டால் வெளியே வர வழியில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை என்று பட்டறைக்குக் கொண்டுபோகும்போது கீலில் குற்றம் இருக்காது, நடுவில் கூடு தொய்ந்திருக்கும். டிங்கர் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். வண்டியை ஜாக்கியில் ஏற்றிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வைத்தியமும் உள்ளூரே கண்டது: கழித்த எஞ்சின் ஆயிலோடு டீசலைக் கலந்து அடியில் பீய்ச்சி அடிப்பது, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவது. இரண்டாவதற்கு இந்த ஊரில் நல்ல தண்ணீர் வேண்டும் என்பது தனிக் கதை. தகடு அரித்த இடத்தை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, பட்டி பூசி, மறுபடி பெயிண்ட். இப்படி மூன்று முறை ஆன வண்டியில் குர்லாவில் அடித்த தகடு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கேட்பது நாகரிகமில்லை.

ஆகவே இங்கே ஃபியட்டை நிறுத்துவதில் கம்பெனிக்கு இருந்த பங்கைவிடக் கடலுக்கு அதிகம். பட்டறைக்காரருக்கும் அதே அளவு உண்டு. காஸ் வெல்டிங்கில் மெல்லிய தகட்டைச் சுருங்காமல் பற்றவைக்கிறவர், காதால் கேட்டுக் கார்பரேட்டரைச் சரிசெய்கிறவர், பாயின்டு இடைவெளியை இரண்டாக மடித்த அட்டையில் அளக்கிறவர், இவர்கள் ஓய்வெடுக்கும் நாளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தேதி எழுதப்படுகிறது. அவர்கள் மகன்கள் ஸ்கேனரைப் பொருத்திப் பிழை எண் பார்க்கும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? அவர்களுக்கு ஏ.சி. ஷெட், மாதச் சம்பளம். வருத்தம் முழுவதும் வண்டிக்காரருடையது.

அடுத்தது சட்டம். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாக எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. இன்னொரு பக்கம் 2021-இல் மத்திய அரசு பாரம்பரிய வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது: முதல் பதிவாகி 50 வருடம் கடந்து, அசல் உருவம் கெடாமல் இருந்தால் 20,000 ரூபாய் கட்டி ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி எண் பலகை வாங்கலாம். 1974-இன் முதல் பத்மினிகள் 2024-இல் அந்தத் தகுதியை அடைந்தன. ஆனால் அந்தப் பலகை மாட்டிய வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் எரிபொருள் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம்.

ரசிகர்கள் இங்கேதான் இரண்டாகப் பிரிகிறார்கள். ஏக்கத்தைப் பற்றி 2001-இல் ஒரு பெரிய நூல் எழுதிய ஸ்வெத்லானா போய்ம், இழந்ததை அப்படியே மறுபடி கட்டத் துடிக்கும் ஏக்கம் என்றும், இழப்போடு பேசிக்கொண்டே வாழும் ஏக்கம் என்றும் இரண்டு வகை காட்டினார். முதல் வகையினர் அசல் நிறம், அசல் விளக்கு, அசல் சீட்டுத் துணி தேடுகிறார்கள். வண்டி ஷெட்டில் போர்வைக்குள் இருக்கிறது. இரண்டாம் வகையினர் மாருதி ஆம்னியின் ஆல்டர்னேட்டரை மாட்டிக்கொண்டு மீன் வாங்கப் போகிறார்கள். என் ஓட்டு மீன் வாங்கப் போகிறவருக்கு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: உப்புக் காற்றில் தினமும் வெளியே எடுக்கிறவருடைய வண்டி முதலில் சாகும். காப்பாற்றுகிறவர் ஓட்டுவதில்லை, ஓட்டுகிறவரால் காப்பாற்ற முடிவதில்லை.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் முழுக்கக் கார்கள் மூழ்கின. மும்பையில் ஃபியட் டாக்ஸி ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இன்றைய காரின் மூளைப் பெட்டிக்குள் வெள்ளம் புகுந்தால் இன்சூரன்ஸ்காரர் பார்த்துவிட்டு ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதுவது சாதாரணம். பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தொட்டுவிடும். கார்பரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள வண்டியில் ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றி ஊதி, மூடியைத் துடைத்து வெயிலில் வைத்தால் எழுந்துவிட வாய்ப்பு அதிகம். இதைச் சொல்லி ஃபியட்காரர்கள் பெருமைப்படுவது நியாயம்தான். அதே வெள்ளம் பெட்டித் தகட்டுக்குள் விட்டுப்போன சேற்றைப் பற்றி அவர்கள் பேசமாட்டார்கள்.

இத்தாலிக்கு இங்கே இன்னொரு சத்தமில்லாத முடிவும் இருந்தது. ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர் என்று பல பெயர்களில் இந்த மாவட்டத்துச் சாலைகளில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதியோடு மாருதி அதைக் கைவிட்டது. அதை ஓட்டியவர்கள் இத்தாலிய எஞ்சினுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்ததில்லை. ஆகவே துக்கமும் இல்லை.

இப்போது தூத்துக்குடியே கார் செய்யும் ஊர். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் சில்லாநத்தம் சிப்காட்டில் கட்டிய மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-இல் திறக்கப்பட்டது. தொடக்கத் திறன் வருடத்துக்கு 50,000 வண்டி. இந்தக் கார்களுக்கு ஒருநாள் இங்கே ரசிகர்கள் உருவாவார்கள், உருவாக வேண்டும். அவர்கள் சந்திக்கப்போகும் முடிவுகளின் வரிசை வேறு. தகடு இருக்கும், மோட்டார் சுற்றும், ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மாற்று வராது. அல்லது எங்கோ இருக்கும் கம்பெனிக் கணினி இந்த மாதிரிக்கு மென்பொருள் அனுப்புவதை நிறுத்தும். லேத்தில் கடைய முடியாத பாகம் அது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் திறந்த இணைய வாசலில் கார்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நிறுவனங்கள் கையேடுகளையும் உதிரிபாக விவரங்களையும் அங்கே வெளியிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சட்டக் கட்டாயமாக அது இன்னும் மாறவில்லை. பீடிங்குக்காக ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கும் ஃபியட்காரர், இந்த விவகாரத்தில் சாட்சி சொல்லத் தகுதியான ஆள்.